தோல் ஷாப்பும் ஆர்ட் கேலரியும் ஒரே காம்பவுண்டில் இருந்த காலம்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "ஆம்பூர் பொண்ணுன்னு அடிக்கடி சொல்லிக்கிறீங்க, ஆனா இதுவரைக்கும் ஊரைப் பத்தி ஒரு எபிசோட்கூட வரலையே?" நியாயமான கேள்விதான். பிரியாணி எபிசோட் எதிர்பார்த்தீங்கன்னா மன்னிச்சிடுங்க. இன்னைக்கு நான் பேசப்போறது ஒரு கண்காட்சி பத்தி, அதைப் பார்க்க வந்த எங்கப்பா பத்தி, அவர் கேட்ட ஒரு கேள்வி பத்தி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனப்போதான், எங்க ஊர்த் தோலுக்கும் சென்னையோட ஓவியக் கல்லூரிக்கும் நூறு வருஷத்துக்கு மேல பழைய ஒரு உறவு இருக்குன்னு தெரிஞ்சுது.

2019-ல் சென்னை போட்டோ பியனாலேயோட இரண்டாவது பதிப்பு நடந்தது. பிப்ரவரி 22-ல் ஆரம்பிச்சு மார்ச் 24 வரைக்கும். அந்த வருஷம் அதைத் தொகுத்தவர் கலைஞர் புஷ்பமாலா என். 'ஃபானா ஆஃப் மிரர்ஸ்'னு தலைப்பு வச்சிருந்தாங்க. கண்ணாடிக்குள்ள வாழுற பிராணிகள் பத்தின ஒரு சீனப் புராணக் கதையிலிருந்து வந்த தலைப்பு அது. கண்காட்சி நடந்த இடங்கள்ல ரெண்டு முக்கியமானது: மெரினா எதிர்ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட செனட் ஹவுஸ், அப்புறம் பெரியமேட்டுல அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தக் கல்லூரி இப்போ 2013-ல் உருவான இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ வருது.

அப்பாவுக்கு அன்னைக்குப் பெரியமேட்டுல வேலை இருந்தது. அவர் ஒரு டேனரியில அசார்ட்டர். அதாவது பதனிட்டு வர்ற தோலை மேஜையில விரிச்சு, தடவிப் பார்த்து, எது முதல் தரம், எது மூணாம் தரம்னு பிரிக்கிறவர். உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளுக் கீறல், உப்பு தின்ன இடம், எல்லாத்தையும் விரல்தான் முதல்ல கண்டுபிடிக்கும், கண்ணு அப்புறம்தான்னு சொல்வார். விடியக்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல ரெண்டு பேரும் ஒண்ணா வந்தோம். கையில சாம்பிள் பை. "சாயங்காலம் வரைக்கும் இன்னா பண்ணப் போறேம்மா?"ன்னார். நீங்களும் வாங்கப்பான்னு கூட்டிட்டுப் போனேன்.

சென்ட்ரல்ல இறங்கினா எதிர்ல சித்திக் சராய். அதைக் கட்டினவர் மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி சி. அப்துல் ஹக்கீம். அங்கிருந்து ரிப்பன் மாளிகையைத் தாண்டினா சைடன்ஹாம்ஸ் ரோடு பிரியும். அதுக்குள்ள போனா தோல் மண்டிகள், ஷூ சோல், பக்கிள், பசை, ரசாயனம், எல்லாக் கடையும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு பாலாற்றங்கரை முழுக்கத் தயாராகிற தோலுக்கு விலை பேசுற இடம் பெரியமேடு. அந்த ரோட்டுக்குள்ள திரும்பாம பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கொஞ்ச தூரம் நடந்தா, சிவப்புக் கட்டடங்களோட ஓவியக் கல்லூரி. அப்பா முப்பது வருஷமா பெரியமேட்டுக்கு வந்து போறவர். அந்தக் கேட்டைத் தாண்டி எத்தனை தடவை நடந்திருப்பாரோ. உள்ள போனது அன்னைக்குத்தான் முதல் தடவை.

போட்டோ எல்லாத்தையும் பொறுமையாப் பார்த்தார். சும்மா தலையாட்டிட்டுப் போகல. பக்கத்துல போய், தள்ளி வந்து, தலையைச் சாய்ச்சுன்னு, மேஜையில தோல் பார்க்கிற அதே மாதிரி பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இங்க வடக்கு எந்தப் பக்கம்?" ஏம்ப்பான்னேன். "நாங்க வடக்கு வெளிச்சத்துலதான் தோல் பார்ப்போம். வெயில் நேரா அடிச்சா நிறம் பொய் சொல்லும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஓவியர்களும் வடக்கு வெளிச்சத்தைத்தான் தேடுவாங்க. அதே காரணம்தான். நாள் முழுக்க மாறாத, நிழல் ஓடாத வெளிச்சம். இதை அவர்கிட்ட சொன்னதும் சிரிச்சார். வெளியே வரும்போது, குத்திக்காட்டுற தொனி எதுவும் இல்லாம, சாதாரணமாக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. நம்ம வேலையை இந்த மாதிரி எங்கயாவது மாட்டி வச்சிருக்காங்களா?"

இல்லைன்னு சொல்லிட்டேன். நான் சொன்னது பாதி தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

கண்காட்சின்னா முதல்ல சரக்கு

கதை 1850-ல் ஆரம்பிக்குது. அலெக்ஸாண்டர் ஹண்டர்னு ஒரு ராணுவ மருத்துவர். தன் சொந்த முயற்சியில, பிராட்வேயில ஒரு கலைப் பள்ளி தொடங்குறார். சில வருஷத்துல அரசாங்கம் அதை ஏத்துக்குது, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இடம் மாறுது. பேரும் மாறுது: 'ஸ்கூல் ஆஃப் இண்டஸ்ட்ரியல் ஆர்ட்ஸ்'. தொழில் கலைப் பள்ளி. அந்தத் தொழில்ங்கிற வார்த்தையை மறந்துடாதீங்க.

நமக்கு இன்னைக்கு ஆர்ட் எக்ஸிபிஷன்னா வெள்ளைச் சுவர், ஸ்பாட்லைட், பக்கத்துல சின்ன எழுத்துல ஒரு குறிப்பு. அன்னைக்கு அப்படி இல்ல. 1851-ல் லண்டன்ல நடந்த மகா கண்காட்சியில பொருள்களை முப்பது வகுப்பாப் பிரிச்சாங்க. பதினாறாவது வகுப்பு தோல்: சேணம், பதனிட்ட தோல், ரோமம் எல்லாம். சிற்பமும் ஒரு வகுப்பு, கடைசி வகுப்பு. ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ. 1855-ல் சென்னையிலும் அதே பாணியில ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. மூலப்பொருள், கலை, கைத்தொழில்னு மூணையும் சேர்த்தே அதுக்குப் பேர் வச்சாங்க. சட்டி பானையும் சித்திரமும் ஒரே நடுவர் குழு முறையில மதிப்பெண் வாங்குச்சு.

இதைப் பொற்காலம்னு நான் சொல்ல வரல. காலனி அரசாங்கத்துக்கு இந்தக் கண்காட்சிகள் ஒரு வகையில சரக்குப் பட்டியல்தான். எந்த ஊர்ல என்ன கிடைக்கும், எது ஏற்றுமதிக்கு ஆகும்னு கணக்கெடுக்கிற வேலை. பொருள் மேஜைக்கு வரும், செஞ்சவர் பேர் வராது. ஆனாலும் ஒரு கலைப் பள்ளியோட கூடத்துல தோலுக்கு இடம் இருக்கக்கூடாதுன்னு அன்னைக்கு யாரும் நினைக்கல.

இந்தப் பள்ளியைப் பின்னால நடத்தினவங்கள்ல ஒருத்தர் ராபர்ட் சிஸ்ஹோம். 2019-ல் போட்டோ மாட்டின அந்த செனட் ஹவுஸைக் கட்டின கட்டடக் கலைஞர் அவரேதான். அதனால அந்த பியனாலே நடந்த ரெண்டு இடத்தையும் ஒரே மனுஷனோட நிழல் தொட்டுட்டுப் போகுது. அவருக்கு அப்புறம் வந்த ஈ.பி. ஹாவெல் பத்தித் தனியாவே ஒரு எபிசோட் பண்ணணும், இன்னைக்கு விட்டுடலாம். நமக்கு வேண்டிய ஆள் அவருக்கும் பின்னால வர்றவர்.

ஓவியப் பள்ளியில் நீலத் தோல்

ஆல்ஃபிரட் சட்டர்டன். பொறியியல் சொல்லிக்கொடுத்தவர். ஓவியர் இல்ல, சிற்பி இல்ல. 1890களின் கடைசியில கலைப் பள்ளி அவர் கைக்கு வருது. வந்ததும் 1898-ல் என்ன பண்றார் தெரியுமா? அலுமினியப் பாத்திரம் அடிக்க ஒரு பிரிவு தொடங்குறார். நம்ம வீட்டுல பாட்டிங்க இன்னமும் 'ஈயச் சட்டி'ன்னு தப்பாச் சொல்ற அந்த அலுமினியம், இந்தியாவுல ஒரு தொழிலா வேர் பிடிச்ச இடம் இந்த ஓவியப் பள்ளி. 1903-ல் அதை ஒரு தனியார் கம்பெனி வாங்கிக்குது.

அந்த வெற்றி குடுத்த தைரியத்துல அவர் அடுத்துத் தொட்டது தோல்.

இங்க கொஞ்சம் நிதானமா வர்றேன், ஏன்னா இதுதான் எங்க குடும்பக் கதை. நம்ம பக்கத்துத் தோல் காலங்காலமாப் பட்டைத் தோல். ஆவாரம் பட்டையை இடிச்சு, தண்ணியில ஊறவச்சு, அந்தச் சாறு நிறைஞ்ச குழிகள்ல தோலை மாத்தி மாத்திப் போடணும். கடைசியில கடுக்காய். எல்லாம் முடிய வாரக்கணக்கு ஆகும். எங்க தாத்தா அந்தக் குழியில நின்னவர். அதுக்கு முந்தின சுண்ணாம்புத் தொட்டியிலயும் நின்னிருக்கார். அவர் பாதம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு, அதை வர்ணிக்க வேண்டாம். 19-ம் நூற்றாண்டுல இந்தப் பட்டைத் தோல் 'ஈஸ்ட் இண்டியா'ங்கிற முத்திரையோட லண்டன் ஏலத்துக்குப் போச்சு. முதல் உலகப் போர் நேரத்துல, 1916-ல், பிரிட்டிஷ் அரசாங்கம் சென்னை மாட்டுத்தோல் மொத்தத்தையும் தன் கட்டுப்பாட்டுக்குள்ள எடுத்துக்குச்சு. எதுக்கு? சிப்பாய்களோட பூட்ஸுக்கு மேல்தோல் வேணும்.

இதுக்கு நடுவுல அமெரிக்காவுல வேற ஒரு முறை வந்திருந்தது. பட்டைக்குப் பதிலா குரோமிய உப்பு. 1884-ல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதுக்குக் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கு வேலை நாள் கணக்குக்கு வந்துடும். தோல் வெளிர் நீலமா மாறும். டேனரியில இன்னைக்கும் அதை 'வெட் ப்ளூ'ன்னுதான் சொல்வாங்க. சரியாப் பதமாயிருந்தா ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணியில போட்டாலும் சுருங்காது. அப்பா அந்தச் சோதனையைச் சின்ன வயசுல எனக்குச் செஞ்சு காட்டியிருக்கார், எனக்கு அது மேஜிக் மாதிரி இருந்தது.

சட்டர்டன் 1903 வாக்கில கலைப் பள்ளியிலேயே இந்த குரோம் முறையைச் சோதனை பண்ண ஆரம்பிச்சார். அவர் மனசுல முதல்ல இருந்தது ஷூ இல்ல, கிணறு. அந்தக் காலத்துல மாடு கட்டி கவலை இறைப்பாங்க இல்லையா, அந்தச் சால்ல தோல் இருக்கும். பட்டைத் தோல் தண்ணியில ஊறி ஊறி அழுகிடும், விவசாயி திரும்பத் திரும்ப மாத்தணும். குரோம் தோல் தண்ணிக்கு அசையாது. அதனால கவலைக்குத் தோல், அப்புறம் செருப்பு, பூட்ஸ். 1904-ல் சென்னை மாகாணத்துத் தோல் தொழில் பத்தி அவர் எழுதின அறிக்கையை அரசாங்கம் அச்சடிச்சு வெளியிட்டது. அதைத் தேடிப் படிச்சேன். சட்டர்டன் பேர் அட்டையிலேயே இருக்கு. எங்க தாத்தா மாதிரி குழிக்குள்ள இறங்கி நின்ன ஒருத்தரோட பேராவது இருக்குமான்னு பக்கம் பக்கமாத் தேடினேன். எனக்குக் கிடைக்கல.

யோசிச்சுப் பாருங்க. இந்தப் பக்கம் மாணவர்கள் பென்சில் பிடிச்சுக் கோடு போட்டுப் பழகுறாங்க. அதே பள்ளியோட பொறுப்புல அந்தப் பக்கம் நீலத் தோல் சொட்டிட்டு இருக்கு. ஒரு ஓவியப் பள்ளி விவசாயியோட சாலுக்குத் தோல் பண்ணுது. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லைன்னு நினைச்ச ஒரு சின்ன காலகட்டம் இருந்திருக்கு.

பிரிச்சது யார்?

ரொம்ப நாள் நீடிக்கல. சென்னையில இருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்கு இது பிடிக்கல. வரிப்பணத்துல அரசாங்கமே தொழில் நடத்தினா எங்க கதி என்னன்னு புகார். 1910-ல் லண்டன்ல இந்தியா மந்திரியா இருந்த மார்லி பிரபு கடிதம் எழுதுறார்: சொல்லிக்கொடுக்கலாம், செஞ்சு காட்டலாம், ஆனா அரசாங்கம் வியாபாரம் பண்ணக்கூடாது. குரோம் தோல் தொழிற்சாலையை மத்திய இந்தியாவுல இருந்த ரேவா சமஸ்தானத்துக்கு வித்துட்டாங்க. சட்டர்டன் 1912-ல் மைசூருக்குப் போயிட்டார். 1915-ல் தோல் தொழிலுக்குன்னே வண்ணாரப்பேட்டையில தனியா ஒரு பள்ளி வந்தது. சுதந்திரத்துக்கு அப்புறம், 1948-ல், அடையாறுல மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்.

அதுக்கப்புறம் ஓவியம் ஒரு காம்பவுண்ட், தோல் வேற காம்பவுண்ட். எங்கப்பா முப்பது வருஷம் அந்தக் கேட்டுக்குள்ள போகாததுக்கு ஒரு காரணத்தை இந்த வருஷங்கள்ல பார்க்கலாம்னு நான் நினைக்கிறேன். இன்னொரு காரணம் சாதி. அதுக்கு வருஷம் குறிக்கத் தேவையில்ல. தோலைத் தொடுறவங்க யார், தொட்டவங்களைத் தொடக்கூடாதுன்னு சொன்னவங்க யார்னு எல்லாருக்கும் தெரியும். தொழிற்சாலையை விக்க மார்லி கடிதம் தேவைப்பட்டது. அந்த வேலையைக் கலைன்னு யாரும் கூப்பிடாம இருக்க யாரும் கடிதம் எழுத வேண்டியதில்ல.

ஓவியக் கல்லூரி அதுக்கப்புறம் பெரிய பெரிய விஷயம் பண்ணுச்சு, அதைக் குறைச்சுச் சொல்லமாட்டேன். 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வர்றார். மெரினாவுல நாம செல்ஃபி எடுக்கிற உழைப்பாளர் சிலை அவரோடது, 1959-ல் வச்சாங்க. அதுக்கு மாடலா நின்னவங்கள்ல ஒருத்தர் அந்தக் கல்லூரியோட காவலாளி. அவருக்கு அப்புறம் கே.சி.எஸ். பணிக்கர். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலம் ஓவியர் கிராமம். அங்க போன கலைஞர்கள் படம் விக்காத நாள்ல பாத்திக் துணி மாதிரி கைவேலை பண்ணித்தான் சோறு தின்னாங்க. கைத்தொழிலை முன்வாசல் வழியா அனுப்பினாங்க, அது பின்வாசல் வழியா வந்து அடுப்பு பத்த வச்சுது. பின்னால 1980கள்ல கல்லூரி முதல்வரா இருந்த ஏ.பி. சந்தானராஜ் திருவண்ணாமலைக்காரர். அதாவது நம்ம பழைய வட ஆற்காடு மாவட்டம். சொல்லாம விட முடியல, ஊர்ப் பாசம்.

உழைப்பாளியோட உடம்பு கலைக்குள்ள வந்துடுச்சு, வெண்கலமா. உழைப்பாளி செஞ்ச பொருள் வரல.

இன்னொரு பக்கம், பாலாற்றங்கரையில தோல் காசு எங்கே போச்சுன்னு பாருங்க. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் வந்தது. அதுக்குப் பின்னால அந்த ஊர்த் தோல் வணிகர்கள் இருந்தாங்க. சித்திக் சராய் கட்டின அப்துல் ஹக்கீம் பேர்ல 1965-ல் மேல்விஷாரத்துல ஒரு கல்லூரி. எங்க பக்கத்துல நிறைய பேருக்குப் பட்டம் வந்த வழியில எங்கயோ ஒரு தோல் இருக்கும்.

குரோம் கதையையும் முடிச்சிடறேன். சட்டர்டனோட தொட்டியிலிருந்து நேரா ஆம்பூருக்குக் கோடு இழுக்க முடியாது. பாலாற்றங்கரை அதுக்கப்புறமும் பல பத்தாண்டு பெரும்பாலும் பட்டைத் தோல்லயே ஓடுச்சு. திருப்பம் 1970கள்ல. சீதாராமையா கமிட்டி 1972-ல் சிபாரிசு பண்ணுது: பாதி பதனிட்ட தோலை ஏத்தி அனுப்பாதீங்க, முழுசா முடிச்சு, ஷூவா, பையா அனுப்புங்க. அடுத்த வருஷத்துலேயே ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்துடுச்சு. ஊர் ஊரா குரோம் டிரம் சுத்த ஆரம்பிச்சது அப்போதான். எங்கம்மா அப்பர் தைக்கிற ஷூ கம்பெனி வேலையும் அந்த அலையிலதான் வந்தது. ஆத்துத் தண்ணி கெட்டதும் அதே அலையிலதான். 1996 ஆகஸ்ட் 28, உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குல தீர்ப்பு சொல்லுது: கெடுத்தவன் காசு கொடுக்கணும். இன்னைக்குச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற எந்த மாணவரும் தாண்டிப் போக முடியாத வழக்கு அது. 2025 ஜனவரி 30-ல் மறுபடியும் அதே நீதிமன்றம், அதே பாலாறு. இன்னும் முடியல.

எங்க வீட்டுல இதைப் பத்திப் பேசினா சண்டை வரும். அம்மாவுக்கு வேலை முக்கியம். பாட்டிக்குக் கிணறு முக்கியம். ரெண்டு பேருமே சரியாத்தான் பேசுவாங்க.

அதனால 'தோலைக் கொண்டாந்து கேலரியில மாட்டுங்க'ன்னு நான் கேட்டா, அழகா ஒரு பையைக் கண்ணாடிப் பெட்டியில வைங்கன்னு அர்த்தமில்ல. மாட்டினா எல்லாத்தையும் மாட்டணும். ஆவாரம் பட்டை, சுண்ணாம்புத் தொட்டி, நீலத் தோல், பாட்டியோட கிணத்துத் தண்ணி ஒரு பாட்டில், அசார்ட்டரோட விரல். பியனாலே மாதிரி ஒரு மாசம் பல்கலைக்கழகக் கட்டடங்களைத் திறந்துவிட்டா என்னெல்லாம் சாத்தியம்னு 2019 காட்டுச்சு. பெரியமேட்டுல அந்தக் கல்லூரி செஞ்சா இன்னும் பொருத்தம். புதுசா எதையும் கூட்டிட்டு வரப்போறதில்ல, பழைய வீட்டுக்காரங்களைத் திரும்பக் கூப்பிடுறாங்க, அவ்வளவுதான்.

இதையெல்லாம் படிச்சு முடிச்சப்புறம் அப்பாவுக்கு போன் பண்ணினேன். "அன்னைக்குக் கேட்டீங்களே, நம்ம வேலையை எங்கயாவது வச்சிருக்காங்களான்னு. அதே ஸ்கூல்லதான்ப்பா குரோம் தோல் பண்ணிப் பார்த்திருக்காங்க, நூறு வருஷத்துக்கு முன்னால."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பின்னால டிரம் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"எந்த இடத்துல?"ன்னு கேட்டார். தெரியலப்பா, அந்த ஸ்கூல்னு மட்டும்தான் போட்டிருக்குன்னேன்.

"தண்ணி வெளிய போற பக்கமாத்தான் இருந்திருக்கும். அடுத்த தடவை வரும்போது பார்த்துச் சொல்றேன்"ன்னுட்டு, லோடு வந்துடுச்சுன்னு வச்சிட்டார்.